முப்பத்தேழு விடைத்தாள்கள்

காலை 9.05. வேடசந்தூர் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ஆசிரியர் அறை.

"முப்பத்தேழுதான் சார் இருக்கு. நேத்து எண்ணிக் கட்டுனப்ப முப்பத்தெட்டு."

என்றாள் கௌசல்யா. கையில் பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்கு விடைத்தாள் கட்டு. அவள் பூட்டில்லாத அந்தப் பொது பீரோவைத் திறந்தபோது பக்கத்திலேயே நின்ற தலைமையாசிரியர் ராமருக்கு வந்ததே கோபம்! கௌசல்யா காலாண்டுக்குப் பிறகு சேர்ந்த தற்காலிக ஆசிரியை. நிரந்தர ஆசிரியரிடம் தயங்கும் வாய், தற்காலிகம் என்றால் தாராளமாகத் திறக்குமே.

"வீட்டுக்குக் கொண்டுபோயி, வர்ற வழியில பஸ்ல விட்டிருப்ப. இன்னியோட நின்னுக்கம்மா."

"கொண்டே போகல சார். இங்கதான் உக்காந்து திருத்துனேன்."

காணாமல் போனது விக்னேஷ்குமார் என்ற மாணவனின் தாள். மதிப்பெண்கள் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை.

"விடுங்க சார்," என்றார் மூத்த கணக்காசிரியர் ஈஸ்வரன். "காலாண்டுல பையன் எழுபத்தெட்டு. அதையே போட்டுருவோம்." வகுப்பில் தாள் கொடுக்கும்போது முதல் பிள்ளைக்குக் கைதட்டலும் கடைசிப் பிள்ளைக்குச் சிரிப்பும் வாங்கித் தருவதில் பேர்போனவர் அவர்.

பக்கத்து மேசையில் அறிவியல் ஆசிரியை இளவேனில். வம்பு தும்புக்குப் போகாதவள்தான். ஆனால் மனதில் ஒன்று உறுத்திவிட்டால் விடமாட்டாள். கட்டை வாங்கி மோந்து பார்த்தாள்.

"என்ன டீச்சர், மல்லிகைப்பூவா அது?"

"பினாயில், ஈஸ்வரன் சார்."

சில தாள்களின் ஓரத்தில் ஈரம் காயவில்லை. முடிச்சை அவிழ்த்து முதல் பக்கத்து மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டே போனாள். 96, 93, 89... கடைசித் தாளில் 12.

9.15. துப்புரவுப் பணியாளர் பொம்மையன் வந்தார்.

"அண்ணே, இந்த ரூமை எப்பத் தொடச்சீக?"

"எட்டரைக்குத் தாயி. பினாயிலு இன்னிக்குத்தான் வந்துச்சு. பத்து நாளா வெறும் தண்ணிதான்."

"அதுக்கப்புறம் யாரு வந்தா?"

"செத்த நேரத்துல ஈஸ்வரன் சாரு சாக்பீஸ் எடுக்க வந்தாரு. பொறவு நீங்க, இன்னும் ரெண்டு டீச்சருங்க, பையை வச்சுட்டுப் போனீக."

இளவேனில் கௌசல்யாவிடம் திரும்பினாள். "நீ எப்படி அடுக்கிக் கட்டுன?"

"வரிசை எண்படி, டீச்சர். எப்பவும் அப்படித்தான்."

"சார்," என்று ராமரைப் பார்த்தாள் இளவேனில். "கௌசல்யா ஒம்பதுக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்குச்சு. உங்க கூடவேதான் உள்ள வந்துச்சு. எட்டரைக்கு மேல இந்தக் கட்டை ஈரத் தரையில போட்டது வேற ஆளு. ஒரு தாளை உருவுற அவசரத்துல மத்ததெல்லாம் கைநழுவிச் செதறியிருக்கு. அள்ளி அடுக்கிக் கட்டியாச்சு. அந்த அடுக்குலதான் மாட்டிக்கிட்டாரு. அதிக மார்க்கு மேல, கம்மி மார்க்கு கீழ. நம்ம பள்ளிக்கூடத்துல அப்படி அடுக்குற கை ஒண்ணே ஒண்ணுதான். எல்லா வாத்தியாரும் அப்படித்தான்னு நெனச்சுட்டீக, இல்லையா ஈஸ்வரன் சார்?"

இளவேனில் கட்டைக் கௌசல்யா பக்கம் தள்ளினாள்.

"கௌசல்யா, விக்னேஷுக்கு எம்புட்டுப் போட்ட?"

"பத்தொம்பது, டீச்சர்."

"காலாண்டுல எழுபத்தெட்டு போட்டது நீங்க, சார். உங்க டியூஷன் பையன். இந்தப் பத்தொம்பது வெளிய வந்தா, அந்த எழுபத்தெட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

ஈஸ்வரன் பையைத் திறந்தார். மடித்த தாளை எடுத்து மேசையில் வீசினார். "உங்க மகளும் எங்கிட்டத்தான டியூஷன் படிக்குது, டீச்சர்? அரசாங்க வாத்தியாரு டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுதான அனுப்புனீக? அதையும் வெளிய சொல்லுங்க பாப்போம்."

இளவேனிலுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ராமர் குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ள முடிச்சுக்குவோம் டீச்சர். சாருக்கு இன்னும் ரெண்டு வருச சர்வீஸ் இருக்கு. தாளு தொலைஞ்சதாவே இருக்கட்டும். கௌசல்யா சின்னப் பொண்ணு, வேற எடம் பாத்துக்கும்."

கௌசல்யா தலை குனிந்து தன் கைப்பையை எடுத்தாள்.

"பையைக் கீழ வை," என்றாள் இளவேனில். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப்போட்டு எழுத ஆரம்பித்தாள். 'அரசு ஆசிரியர் டியூஷன் நடத்துவது தவறு என்று தெரிந்தே என் மகளை அவரிடம் அனுப்பினேன்.' முதல் வரி அதுதான். மற்றதெல்லாம் அதற்குக் கீழே வந்தது. கையெழுத்துப் போட்டு ராமரிடம் நீட்டினாள்.

"கல்வி அலுவலகத்துக்கு நீங்க அனுப்புறீகளா சார், இல்ல நானே குடுத்துட்டு வரட்டா?"

ராமர் இரண்டு முறை படித்தார். பிறகு பச்சைமைப் பேனாவைத் திறந்து, அடியில் 'மேலனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"முதல் பீரியடு பத்தாம் வகுப்புத்தானம்மா உனக்கு?" என்றார், கௌசல்யாவின் முகத்தைப் பார்க்காமல். "பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும். போ."