பூட்டிய கொட்டகையில் கறுப்பு விதை

காலை ஏழரை. கால்நடை மருத்துவர் ஹுர்மத் வண்டியை விட்டு இறங்கும்போதே கோழிப்பண்ணைக்காரர் மாமதோலியின் கூப்பாடு மர்கிலான் சாலைவரை கேட்டது. முதல் கொட்டகை வாசலில் செத்த பிராய்லர் கோழிகள் குவிந்து கிடந்தன. பக்கத்துக் கொட்டகையிலும் அதே வயசுக் கோழிகள்தான்; ஒன்றுக்கும் தும்மல்கூட இல்லை.

"விஷம் வச்சுட்டான் டாக்டரக்கா! எதிர்வீட்டு சத்தார்தான். போன மாசம்தான் அவன் மகனுக்கு என் பொண்ணைக் கேட்டு, நம்ம வழக்கப்படி ரொட்டி உடைச்சு நிச்சயம் பண்ணிட்டுப் போனவன்! அவனும் கோழி வளர்க்கிறான்ல, என் கோழி கொழுக்கிறது பொறுக்கல. கல்யாணமே வேண்டாம்னுட்டேன். அவங்க குடுத்த துணிமணியெல்லாம் இன்னிக்கே திரும்பப் போகுது."

மூட்டை கட்டிக்கொண்டிருந்த மகள் லோபருக்கு அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

கொட்டகைக்குள் நுழைந்த ஹுர்மத்தின் நெற்றியில் எதுவோ மடார் என்று மோதியது. உத்தரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏன் இங்க தொங்குது?"

"அதைக் கீழ வைக்கக் கூடாதுக்கா. நீங்க கோழியைப் பாருங்க."

"தீவனம்?"

"ரெண்டு கொட்டகைக்கும் ஒரே மூட்டை."

"தண்ணி?"

"ஒரே கிணறு."

"உள்ள யார் யார் வருவாங்க?"

"நான் மட்டும்தான். பூட்டிச் சாவியை இடுப்புல முடிஞ்சுக்குவேன்."

"அப்ப சத்தார் எப்படி உள்ள வந்தார்?"

"அதான் அவன் சாமர்த்தியம்!"

செத்ததெல்லாம் நல்ல கொழுத்த கோழிகள். எல்லாம் வாசல் பக்கத்தில் விழுந்தவை. ஹுர்மத் ஒன்றை அறுத்தாள். நுரையீரலில் மஞ்சள் முடிச்சுகள். இரைப்பையில் தீவனத்தோடு பொடிப்பொடியாகக் கறுப்பு விதைகள்.

"பாத்தீங்களா! விஷ விதை!" மாமதோலி துள்ளினார்.

ஹுர்மத் கை கழுவிவிட்டு வந்து, லோபர் வைத்த தேநீரைக் குடித்தாள். தட்டிலிருந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அதன் மேலிருந்து ஒரு கறுப்பு விதையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"ஐயோ அக்கா!"

"கத்தாதீங்க, கருஞ்சீரகம். ரொட்டி மேல தூவுறது; கோழித் தீவனத்துல இதை எவன் கலப்பான்? அந்தச் சாக்கை இறக்குங்க."

சாக்கைப் பிரித்ததும் பச்சையாகத் தூள் பறந்தது. மூன்று பேரும் இருமித் தள்ளினார்கள். உள்ளே இருந்தது அத்தனையும் பூஞ்சை பிடித்த ரொட்டி.

"நிச்சயத்துக்கு அவங்க கொண்டுவந்தது," மாமதோலியின் குரல் இறங்கியது. "தின்னு தீரல. ரொட்டியைத் தரையில வைக்கவோ குப்பையில போடவோ முடியுமாக்கா? பாவமில்லையா?"

"அதனால தினமும் இந்தக் கொட்டகை வாசல்ல நின்னு உதிர்த்துப் போட்டீங்க. முண்டியடிச்சு வந்த கொழுத்த கோழியெல்லாம் பூஞ்சைத் தூளை மூச்சுல இழுத்துச்சு. அந்த மஞ்சள் முடிச்சு அதுதான். பூட்டின கொட்டகைக்குள்ள போன ஒரே ஆள் நீங்க. கொன்னதும் நீங்கதான்."

மாமதோலி யோசித்தார். முகம் சட்டென்று மலர்ந்தது. "ஆனா ரொட்டி சத்தார் வீட்டுதுதானே?"

"அப்பா!" லோபர் போட்ட அதட்டலில் பக்கத்துக் கொட்டகைக் கோழிகள் கூட அடங்கிவிட்டன.

"வந்தப்ப நல்ல ரொட்டி. ஈரத்துல கட்டித் தொங்கவிட்டு அதை விஷமாக்கினது யாரு?" என்றாள் ஹுர்மத். "சாக்கைக் குழி தோண்டிப் புதைங்க. அதுக்கு முன்னால எதிர்வீட்டுக்குப் போங்க."

போனார். கதவைத் திறந்த சத்தார் நகரவில்லை.

"விஷம் வைக்கிறவன் வீட்டுல உனக்கென்ன வேலை?"

"தப்பு என்னுதுதான், சம்பந்தி," மாமதோலி முணுமுணுத்தார்.

"பழியைத் தெருவே கேக்கக் கத்தினியே! இதையும் அதே மாதிரிச் சொல்லு."

மாமதோலி தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. பின்னால் லோபர் மூட்டையும் கையுமாக நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது.

"கோழியைக் கொன்னது நான்தான்! சத்தார் தங்கமான மனுஷன்!"

சத்தாருக்குச் சிரிப்பு முட்டியது. மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். உள்ளே மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "சரியாக் கேக்கல மாமா, இன்னொரு தடவை!"

லோபர் அழுகையும் சிரிப்புமாக மூட்டையைக் கீழே போட்டாள். மாமதோலி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை கத்தினார்.