குறையொன்றும் இல்லாத சங்கிலிமேடு

குறைமானி அன்று காலை பூஜ்யம் காட்டியது. தாட்சாயணி இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். அப்போதும் பூஜ்யம்தான்.

சங்கிலிமேட்டின் பழைய வெல்லக் கிடங்கை மாநகராட்சி கூட்டுப்பணிக் கூடமாக்கி, அவளைப் பொறுப்பாளராக உட்கார வைத்து நாலு வருடம் ஆகிறது. தொழில் தொடங்க ஆசையிருந்து இடமில்லாதவர்கள் அங்கே ஆளுக்கொரு மேசை பிடித்துக்கொள்ளலாம். என்ன தொழில் என்பதைக் குறைமானி சொல்லும். தெருவில் யார் சலித்துக்கொண்டாலும் விளக்குக் கம்பங்களிலுள்ள அதன் காதுகள் கேட்டுவிடும். மனசார வந்த குறையா, வெறும் வாய்ப்பேச்சா என்று குரலின் நடுக்கத்தை வைத்தே பிரித்து, நிஜக் குறைகளை மட்டும் எண்ணிக் காட்டும். அப்படித்தான் சாக்கடை தூர்வாரும் இயந்திர நண்டு பிறந்தது, மாடிப்படி ஏறும் தண்ணீர்க்குடம் பிறந்தது. பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. ஊரைவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

கூடத்துப் பிள்ளைகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். பூஜ்யம் வந்தால், மாதக் கடைசியில் மேசைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த பேட்டைக்குக் கிளம்ப வேண்டும் என்பது மாநகராட்சி ஒப்பந்தம். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான்.

செய்தி பரவியதும் தெருவே குறைப்பட ஆரம்பித்தது. ஆப்பக்கடை ஜெபமாலை கம்பத்தடியில் நின்று, கொசு கடிக்கிறதென்று அரைமணி நேரம் அழுதாள். கொசு ஒழிந்து இரண்டு வருடமாகிறது. குறைமானி அசையவில்லை. இத்தனை மோசமான நடிப்பு தங்களுக்காகத்தான் என்று தாட்சாயணிக்குப் புரிந்தது.

மாதக் கடைசியில் லாரி வந்தது. முதல் மேசை ஏறியதும் ஜெபமாலை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“உங்க கூச்சல் இல்லாம நான் எப்படிக் கடை தொறக்கறது? மனசு ஆறலையே பாப்பா.”

குறைமானி ஒன்று என்றது. பிறகு நாற்பது. மேசைகள் ஏற ஏற எண்ணும் ஏறி முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. அத்தனையும் ஒரே குறை, அத்தனையும் நிஜம். ஒப்பந்தப்படி கூடம் இருந்தாக வேண்டும். மேசைகளை இறக்கினார்கள், ஜெபமாலை எல்லோருக்கும் ஆப்பம் கொடுத்தாள்.

குறை தீர்ந்துவிட்டதல்லவா? மறுநாள் மறுபடியும் பூஜ்யம்.

அதிலிருந்து மாதாமாதம் லாரி வருகிறது. போகமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் தெருவுக்குக் குரல் நடுங்காது. ஆகவே வீடு வீடாகப் போய், இந்த முறை நிச்சயம் என்று தாட்சாயணி சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவள் புளுகு ஆறு மாதமாக நிற்கிறது. கேட்பவர்களுக்கு இவர்கள்மேல் அவ்வளவு பிரியம்.

“பொய்யின்னா இப்பவே சொல்லிடு பாப்பா. என்னால மாசாமாசம் முடியல,” என்றாள் ஜெபமாலை.

“நிஜமாத்தான்க்கா போறோம்,” என்றாள் தாட்சாயணி. பிறகு ஜெபமாலையின் கண் கலங்கும் வரை காத்திருந்தாள்.