பதினான்காம் எண் வண்டியின் பக்கத்து இருக்கை

காலை ஏழரை மணிக்கு அவள் அறைக் கதவைத் திறந்தபோது வெந்நீரும் சோப்புத்தூளும் கலந்த வாசனை வழக்கம்போல முகத்தில் அடித்தது. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை நிறுவனம் அது. முன்பக்கம் முழுக்க இயந்திரங்கள். பின்பக்கம், பழைய இஸ்திரிக் கூடத்தின் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்து, அதற்குக் கண்காணிப்பு அறை என்று பெரிய பெயராக வைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு திரை, இரண்டு நாற்காலி. சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் இயந்திரம் நாள் முழுக்கத் தடதடவென்று உருண்டுகொண்டிருக்கும். புதிதாக வந்து உட்காருகிறவனுக்குப் பத்து நிமிடத்தில் கண் சொக்கிவிடும்.

அவளுக்குச் சொக்காது. மற்றவர்களுக்குச் சொக்குகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

நிறுவனத்தின் இருபத்திரண்டு வண்டிகளிலும் முன் கண்ணாடியில் ஒரு கேமரா ஒட்டியிருந்தது. அதன் ஒரு கண் சாலையைப் பார்க்கும், இன்னொரு கண் உள்ளே இருப்பவர்களைப் பார்க்கும். வேகம், பிரேக், சீட் பெல்ட் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டி கூடவே பதிந்துகொண்டு வரும். ஓட்டுநரின் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு, அவர் எண் என்ன என்று இயந்திரமே கண்டுகொள்ளும். இமை இரண்டு நொடிக்கு மேல் மூடினால் வண்டிக்குள் மணி அடிக்கும். பத்து நொடிப் படம் ஒன்று அவள் திரையில் வந்து விழும். கீழே இரண்டு பொத்தான்கள்: உண்மை, பொய். தும்முகிறவனையும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறவனையும் இயந்திரம் தூங்குமூஞ்சி என்று நினைத்துக்கொள்ளும். அதனால்தான் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். பத்து நிமிடத்துக்குள் எதையும் அழுத்தாவிட்டால் படம் மேலாளருக்குப் போய்விடும். ஒரே வண்டிக்கு நான்கு முறை பொய் என்று விழுந்தாலோ, தன் கண்ணில்தான் கோளாறு என்று இயந்திரம் தானே முடிவு கட்டி, அந்த வண்டியில் மணி அடிப்பதை நிறுத்திவிடும், படம் மட்டும் வந்துகொண்டிருக்கும். இந்தக் கடைசி விஷயம் ஓட்டுநர்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அன்று காலை மேலாளர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"பதினாலாம் நம்பர் வண்டி பட்டறையிலேந்து வந்துடுச்சும்மா. புது கண்ணாடி, புது சீட்டு. கேமராவும் பெட்டியும் மட்டும் பழசு. அதுல ஒரு கீறல் கூட விழல, பழைய கணக்க மட்டும் அழிச்சுப் புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டதான் குடுத்திருக்கேன். நிதானமான ஆளு."

அவள் தலையாட்டினாள்.

அந்த வண்டியை முன்பு ஓட்டியவனை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான மறுவாரமே தேய்த்த சட்டையோடு வேலைக்கு வந்து நின்றதால் ஒட்டிக்கொண்ட பெயர். பட்டியலில் அவன் முப்பத்தொன்றாம் எண். குழந்தை பிறந்த புதிதில் ஒருநாள் இந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, புள்ள ராத்திரியெல்லாம் கத்துது, கண்ணே மூட முடியல. மூணு தடவ உண்மைன்னு விழுந்தா வண்டிய விட்டு எறக்கிடுவாங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்கக்கா."

அவள் பாத்துத்தான் போட்டாள். நான்கு முறை, நான்கு படம். நான்கிலும் அவன் தலை தொங்கியிருந்தது. நான்கிலும் அவள் அழுத்தியது பொய். ஐந்தாவது முறை மணி அடிக்கவில்லை. பாலத்துச் சுவரில் வண்டி நின்றது.

விசாரணைக்கு வந்தவர்கள் சாலைப் பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்தார்கள். டயர் வழுக்கியிருக்கும் என்று எழுதி மூடிவிட்டார்கள். சாவு வீட்டில் அவளும்தான் உட்கார்ந்து அழுதாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு முதல் எச்சரிக்கை வந்தது.

வண்டி பதினான்கு. தூக்கம். ஓட்டுநர் எண் முப்பத்தொன்று.

பழைய பதிவு ஏதோ பெட்டியில் தங்கியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். படத்தைத் திறந்தாள். அவள் கணவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பளிச்சென்று விழித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைச் சுற்றி இயந்திரம் எந்தக் கட்டமும் போடவில்லை. பச்சைக் கட்டம் பக்கத்து இருக்கையில் கிடந்தது. வெறும் இருக்கை. அந்தக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தது. பிறகு வெடுக்கென்று நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறவன் தலை அப்படித்தான் ஆடும்.

அவள் கை தானாகப் போய்ப் பொய்யை அழுத்தியது. முப்பத்தொன்று என்ற எண் மேலாளர் கண்ணில் பட்டால் பழைய படங்களையும் கிளறுவார். கிளறினால் அவள் தொலைந்தாள். மதியத்துக்குள் இன்னும் மூன்று வந்தன. நான்காவதற்கு அவள் விரல் ஒரு நிமிடம் தயங்கியது. இதோடு அந்த வண்டியில் மணி அடிக்காது. ஆனால் அவர் ஓட்டும்போது ஒருநாளும் தூங்கியதில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அழுத்தினாள்.

மறுநாள் படம் மட்டும் பார்ப்பதோடு அவள் நிற்கவில்லை. பெட்டி ஒலியையும் பதியும். விபத்து நடந்தால் தவிர அதைக் கேட்கக் கூடாது என்பது விதி. ஹெட்போனை மாட்டினாள்.

கணவனின் குரல். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அங்கே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் முட்டிவலி. தான் படிக்காமல் விட்ட படிப்பு. அவளைப் பற்றியும் பேசினார்: "மூஞ்சியே சரியில்ல. எதையோ மனசுல போட்டுப் பூட்டி வெச்சிருக்கா. கேட்டா அழுதுடுவாளோன்னு பயமா இருக்கு."

அவள் ஒலியைக் கூட்டினாள்.

அவர் பேச்சை நிறுத்தினார். வண்டி எஞ்சினின் உறுமல் மட்டும் கேட்டது. அதற்கடியில் இன்னொரு சத்தம்.

மூச்சு. மெதுவான, நீளமான, தூங்குகிறவனின் மூச்சு.

அது கேமராவுக்கு மிக அருகில் கேட்டது.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்தாள். "அந்த வண்டி வேணாங்க. வேற கேளுங்க."

"ஏன், நல்லாத்தான ஓடுது? மொத நாள் சும்மா சும்மா மணி அடிச்சுது, இப்ப அதுவும் இல்ல."

"வண்டியில உங்ககூட யாராவது வராங்களா?"

"துணி மூட்டைதான் வருது."

"அப்ப யார்கிட்ட அவ்ளோ நேரம் பேசறீங்க?"

சோற்றில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"அதுல பேச்செல்லாம் கேக்குமா?"

அவள் ரசத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தனியா ஓட்டறப்ப எனக்கு நானே பேசிக்குவேன். இருபது வருஷப் பழக்கம். பேசினா தூக்கம் வராது." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. "முதலாளி பாக்கறான்னு தெரியும், சம்பளம் குடுக்கறான், பாத்துட்டுப் போறான். நீ கேட்டிருக்க வேணாம்."

தட்டோடு எழுந்து போய்விட்டார். அந்த நிமிடமே எல்லாவற்றையும் அவள் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வண்டிக்குள் பேச்சே இல்லை. திரையில் அவர் புகைப்படம் பிடிக்க உட்காரவைத்த ஆள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து ஓட்டினார். அவ்வப்போது கேமராவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். முப்பத்தொன்றாம் எண்ணின் எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

மதியம் இரண்டே கால். சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. திடீரென்று அறை அமைதியானது.

வண்டி பதினான்கு. தூக்கம்.

ஓட்டுநர் எண் ஒன்பது.

ஒன்பது அவள் கணவன்.

நேரலையைத் திறந்தாள். நேரான சாலை, வெள்ளை வெயில், வேகம் எழுபத்திரண்டு. அவர் இமைகள் மூடியிருந்தன. தாடை நெஞ்சைத் தொட இறங்கிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. அடிக்காது. அடிக்காமல் செய்தவளே அவள்தான்.

அவர் தொலைபேசி, விதிப்படி, வண்டியின் பூட்டிய அறைக்குள் இருந்தது. உண்மையை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அது ஏட்டில் ஏறியதே தவிர வண்டிக்குப் போகவில்லை.

வண்டி கோட்டைத் தாண்டி நகர்ந்தது.

அப்போது பக்கத்து இருக்கையின் பெல்ட் விளக்கு எரிந்தது. பச்சைக் கட்டம் அங்கே வந்து நின்றது. ஆடாமல் நின்றது. கட்டத்துக்குள் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள். மூடிய கண்கள்.

அவள் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"தம்பி," என்றாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். "தம்பி, நான்தான்பா. நாலு தடவையும் நான்தான் பொய்னு போட்டேன். நீ தூங்கறது தெரிஞ்சேதான் போட்டேன். மணிய நிறுத்தினது நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எழுப்பி விடுப்பா."

இரண்டு கோடுகளும் திறந்தன.

அவள் கணவனின் இடது தோளில் சட்டைத் துணி கொத்தாகச் சுருங்கியது. கை ஒன்று பிடித்தால் எப்படிச் சுருங்குமோ அப்படி. தோள் ஒருமுறை முன்னால் இழுபட்டது. மறுமுறை பலமாக. அவர் அலறிக்கொண்டு கண் விழித்து ஸ்டியரிங்கை வெட்டினார். சாலையோரப் புழுதியில் வண்டி உராய்ந்து நின்றது.

அதே பாலத்துச் சுவருக்கு நாலடி முன்னால்.

அவள் திரும்பினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நடந்ததையெல்லாம் அன்றே மேலாளரிடம் எழுதிக் கொடுத்தாள். பழைய நான்கு படங்களையும் திறந்து உண்மை என்று மாற்றினாள். சாயங்காலம் கணவனிடமும் சொல்லி, அவரோடு மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போய், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வரும் வழியில் கணவன் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். சட்டைக்கு அடியில் நான்கு விரல் தடம் கன்றிப்போயிருந்தது.

"மேல என்ன சொல்றாங்களோ தெரியாது. அதுவரைக்கும் புதுப் பொண்ணுக்கு வேலையக் கத்துக் குடுங்க," என்று அவள் கிளம்பும்போதே மேலாளர் சொல்லியிருந்தார். பதினான்காம் எண் வண்டியை முற்றத்தின் கோடியில் நிறுத்தியிருந்தார்கள். பேட்டரியைக் கழற்றிப் பெட்டியின் கம்பியையும் பிடுங்கிப் போட்டதை அவளும் கூடவே நின்று பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புதுப் பெண் பக்கத்து நாற்காலியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தாள். இயந்திரம் அனுப்பும் எச்சரிக்கை ஐந்தே வகை: தூக்கம், தொலைபேசி, வேகம், பெல்ட், மோதல். ஐந்தையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடிப்பதற்குள் திரையில் ஒன்று வந்து விழுந்தது.

"அக்கா, பதினாலுன்னு வருது. இது என்ன வகை? இத நீங்க சொல்லலையே."

அவள் பார்த்தாள்.

வண்டி பதினான்கு. விழிப்பு. ஓட்டுநர் எண் முப்பத்தொன்று.

படத்தில் முற்றத்துச் சுவரும் ஆளில்லாத வண்டியும் தெரிந்தன. கட்டம் இப்போது பக்கத்து இருக்கையில் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தது.

"இதுக்கு எதக்கா அழுத்தணும்?"

அவள் உண்மையை அழுத்தினாள். பத்து நொடி முடிந்தும் படம் நிற்கவில்லை. கட்டத்துக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்களும் மெதுவாகத் திரும்பி, கேமராவைப் பார்த்தன.