செசிலியாவின் கழுத்து

நேற்றுத் துடைத்துவிட்டுப் போன இடத்தில் இன்று புதுப் பெயிண்ட் இருந்தது.

பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஜெயபாரதி, தேவாலயத்துச் சுவரில் சாய்த்த ஏணியில் நின்றபடியே முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, எனாமல் வாடை. துணியில் தீட்டி மாட்டியிருந்த படத்தில், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியா ஆர்கன் கட்டைகளில் விரல் பதித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு. மூன்று நாளாக இப்படித்தான்; அடி ஓவியம் தெரியும்வரை துடைப்பதற்குள் இருட்டிவிடும், காலையில் மறுபடி வெள்ளை. திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. படம் கெட்டால் பழி அவள் தலையில். தேவாலயச் சாவியோ அதைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் துரைராசுவிடம் மட்டும்தான் இருந்தது.

"நீங்கதானே பூசுறீங்க?"

அவர் மறுக்கவில்லை. "கழுத்த விட்டுட்டு மத்ததத் தொடைங்கம்மா."

"ஏன்? கிழிச்சிட்டீங்களா?"

"அவங்கள வெட்டிக் கொன்னப்போ மூணு தடவ வாள் பட்ட எடம்மா அது. மூடித்தான் வைக்கணும்."

பாழாக்கிவிட்டுக் கதை விடுகிறார் என்று நினைத்தாள். அவரை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள்.

பட்டப்பகல்தான். ஆனால் ஐப்பசி மழை வயல்களை மறைத்துக்கொண்டு பெய்ததில், உள்ளே வெளிச்சம் வாய்க்காலின் கலங்கல் தண்ணீரைப் போல மங்கிக் கிடந்தது. ஓட்டிடுக்கில் வௌவால்கள் நெளியும் ஓசை, சேற்று வாசம், பெயிண்டைக் கரைக்கும் டர்பன்டைன் நெடி, இவற்றுக்கெல்லாம் அடியில், யாரோ மூச்சை அடக்கிக் காத்திருப்பது போன்ற ஓர் அமைதி. மறுபடி ஏணியேறி, பஞ்சை நனைத்துக் கழுத்தில் வைத்தாள். வெள்ளை வழிந்தது. அடியில் மெல்லிய சிவப்புக் கோடு. இன்னொன்று. மூன்றாவது.

கிழிசல் எதுவும் இல்லை. பின் எதை மறைத்தார்?

விரலால் தொட்டாள்.

வெதுவெதுப்பு.

பஞ்சைப் பார்த்தாள். சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. பெயிண்ட் இல்லை.

அப்போதுதான் பாட்டுக் கேட்டது. பெண் குரல். சொற்கள் இல்லை, ராகம் மட்டும். திரும்பினாள். காலி பெஞ்சுகள்.

கதவு தடதடத்தது. "அம்மா! பாடுதா? எறங்கி வந்துடுங்க! அந்தக் கைய ஒங்க மேல வச்சிடாதீங்க!"

பயத்தில் அவள் கை ஏற்கெனவே தன் தொண்டையைப் பிடித்திருந்தது.

பாட்டு நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

நிமிர்ந்தாள். செசிலியாவின் கழுத்து வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. வானத்தைப் பார்த்திருந்த கண்கள் இறங்கி அவளைப் பார்த்தன.

ஜெயபாரதி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை. தாடைக்குக் கீழே, அவளுடைய விரல்களுக்கு அடியில், மூன்று வெட்டுகள் உதடுகளைப் போலத் திறந்து மூடிப் பாடிக்கொண்டிருந்தன.