மெழுகுப் புழு குடைந்த கட்டில்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது கண்ணுகளா? இது நடந்தது சித்திரை மாதத்து மத்தியானம். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. காக்காய்கூட நிழல் தேடி ஒதுங்கியிருந்த நேரம்.

அறிவு தேன்பெட்டிக்காரன். மொட்டை மாடியில் தேனீ வளர்க்கும் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போய்ப் பெட்டியைப் பார்த்துக் கொடுப்பான். அன்று ஜலஜா மாமி வீட்டுக்கு வந்திருந்தான். பெட்டி அவள் கணவர் கல்யாணராமன் ஆசையாக வைத்தது. அவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவ்வளவு பெரிய வீட்டில் இப்போது மாமி ஒருத்திதான்.

கதவு திறந்ததும் ஒரு வாடை. பழைய தேனும் பூட்டிக் கிடந்த அலமாரியும் கலந்த மாதிரி.

"இன்னா மாமி, காலை இஸ்துக்கினு நடக்கறீங்க?"

"என்னமோ, கால்ல வலுவே இல்லைடா. அதை விடு, மேல போய் உன் மாமாவோட பிரஜைகளைப் பாரு."

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் அதில் மெழுகு அந்துப்பூச்சி இறங்கியிருந்தது. அதன் புழு தேனடையைத் தின்றுகொண்டே போகும். போன வழியெல்லாம் வெள்ளை நூல் பின்னும். விட்டால் கூட்டையே போர்த்திவிடும். பூச்சி விழுந்த நான்கு அடைச் சட்டங்களைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் வைக்கச் சொல்லியிருந்தான் அறிவு. இரண்டு நாள் குளிரில் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

"அந்தச் சட்டத்த குடுங்க மாமி, மாட்டிட்டுப் போறேன்."

மாமி தலைப்பை முறுக்கினாள்.

"ஃப்ரீசர்ல வெக்கலைடா. அவர் வருஷாப்திகம் ஆறதுக்குள்ள இந்த ஆத்துல ஒரு ஜீவனைக் கொல்லலாமோ? அவர் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன். மூச்சு முட்டுமேன்னு பையையும் அவுத்து விட்டேன்."

"ஒரு மாசமாவா!"

அப்போதுதான் கேட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால்.

கறுக். கறுக்.

"தெனம் இந்த வேளைக்குக் கேக்கறது," என்றாள் மாமி மெல்ல. "அவர் வெத்தலை போடற நேரம்."

அறிவு சாவியை வாங்கித் திறந்தான்.

சட்டங்கள் மூலையில் வெறும் மரமாகக் கிடந்தன. ஒரு புழு இல்லை. ஒரு பூச்சி இல்லை. அவர் போன பிறகு மெத்தையை எடுத்துவிட்டிருந்த தேக்குக் கட்டிலில், பலகைமேல் வெள்ளை நூல்.

தலை. தோள். கால்.

ஆள் படுத்த அளவுக்கு.

நூலைக் கிழித்தான். உள்ளே யாருமில்லை. பலகையில் மட்டும் சின்னச் சின்னத் தோணி மாதிரிப் பள்ளங்கள். கூடு கட்ட இந்தப் புழு மரத்தைக் குடையும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் எந்தப் புழுவும் ஆள் உருவம் குடைந்து அவன் பார்த்ததில்லை.

பக்கத்தில் இன்னொரு உருவம். சின்ன உடம்பு. பாதத்திலிருந்து இடுப்பு வரைக்கும்தான் முடிந்திருந்தது.

அறிவு திரும்பி மாமியின் கால்களைப் பார்த்தான்.

"கெளம்புங்க மாமி. இங்க இருக்காதீங்க."

"அவரைத் தனியா விட்டுட்டா?"

அவன் விடவில்லை. ஆட்டோ பிடித்து, நங்கநல்லூரில் அவள் மகள் ஹம்சா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். கட்டிலை உடைத்து, சட்டங்களோடு சேர்த்துக் கொல்லையில் கொளுத்தினான். மெழுகு எரிகிற வாசனை வரவில்லை கண்ணுகளா.

வெற்றிலை வாசனை வந்தது.

ஒரு வாரம் கழித்து, அதே மத்தியான வேளையில் ஹம்சா போன் செய்தாள்.

"அறிவு, அம்மாக்குக் கையே தூக்க வரலை. டாக்டருக்கும் ஒண்ணும் பிடிபடலை. அதோட, அம்மாக்குன்னு புதுக் கட்டில் வாங்கிப் போட்டோம், அதுல என்னமோ பூச்சி அரிச்சிருக்கு. சின்னச் சின்னப் பள்ளமா. நீ வந்து மருந்தடிக்கறியா?"

அறிவு போனைக் காதோடு அழுத்தினான்.

"எதுவரைக்கும் கீதும்மா?"

"இரு, பாக்கறேன்... அம்மா படுத்துண்டிருக்கா. கால்லேர்ந்து... கழுத்து வரைக்கும்."

அவள் குரலுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், யாரோ பாக்கைக் கடித்தார்கள்.

கறுக்.