கோட்டுக்குக் கீழே

லெப்டொப்பின் ஒரு மூலையைத் தூக்கியபோது, திரையிலிருந்த கோடு சாயவில்லை.

கதிர்காமத்தம்பிக்கு அது உடனே உறைக்கவில்லை. அடியிலுள்ள காற்றுத்துளையில் தூசு அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இடது பக்கத்தைத் தூக்கினார். திரை நீலமாக இருந்தது. புதிய சிஸ்டத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன என்று வெள்ளை எழுத்துகள் சொல்லிக்கொண்டிருந்தன. அடியில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் படம் குலைந்து, சாம்பலும் பச்சையும் கலந்த கலங்கலாக நடுங்கியது. தூக்கியபோது எழுத்துகள் பெட்டியோடு சேர்ந்து சாய்ந்தன. கலங்கலின் மேல்விளிம்பு மட்டும் மேசைப் பலகைக்குச் சமமாகவே நின்றது. வலது மூலையில் ஏறி, இடது மூலையில் வற்றியது. அவர் மெதுவாகக் கீழே வைத்தார். விளிம்பு அங்குமிங்கும் ஒருமுறை ஆடிவிட்டு அடங்கியது.

கண்தான், என்று நினைத்துக்கொண்டார். ஐம்பது தாண்டிய கண், கந்தோரில் நாள் முழுக்கக் கோப்புப் பார்த்த கண்.

வைகாசி மாதத்து வெக்கை கூரை ஓட்டிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. கல்லடிப் பாலத்துக்கு அப்பால் டவுன் பக்கமிருந்து வெடி கொளுத்திக் கொண்டாடுகிற சத்தம், ஒரு நேரம் ஒன்றொன்றாக, ஒரு நேரம் சரமாக, வந்தபடி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணகை இன்று கதவே திறக்கவில்லை. அவளுடைய மகன் வன்னியில். அவனிடமிருந்து சேதி வந்து மாதங்களாகிவிட்டன. ஒழுங்கையில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மாலை கறுத்துக்கொண்டு வந்தபோதும் அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. கடற்காற்றில் உப்பு வாசம் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம். வாவியில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும்போது எழுகிற வாசம். வாவி மேற்கே இருந்தது. காற்றோ கிழக்கிலிருந்து வந்தது.

தக்ஷாயினி வந்தாறுமூலைக் கெம்பசிலிருந்து வந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்து எல்லாரையும் இறக்கிப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். கடைசி வருட அறிக்கையை இந்தக் கிழமை அவள் கொடுத்தாக வேண்டும். போன கிழமை லெப்டொப் திடீரென்று எழும்பாமல் போனதால்தான் தகப்பன் இன்று சீடியைப் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற உட்கார்ந்திருந்தார்.

"தலையிடிக்கிது அப்பா. கொஞ்சம் சரியப் போறன்."

"விளக்கு வைக்கிற நேரத்தில படுக்கிறதா மனே?"

"விளக்க நீங்க வைங்க. நான் எழும்பக்குள்ள இது ஓடோணும். ஓடாட்டி உங்களத்தான் கெம்பசுக்கு அனுப்புவன். நீங்களே சேருக்கு விளக்கம் சொல்லுங்க."

அவர் சிரித்தார். இந்த வீட்டில் அவரைச் சிரிக்கவைக்க அவள் ஒருத்திதான் மிச்சம்.

அறைக்குள் போகும்போது அவள் திரும்பினாள். "வாயெல்லாம் உப்புக் கரிக்கிது. கிணத்துத் தண்ணி மாறிற்றா?"

"இல்லியே."

"காலையில முழுகின தல. இன்னும் காயல்ல, பாருங்க."

தரையில் பாயை விரித்து, ஈரத் தலைமயிரைத் தலையணைக்கு மேல் பரப்பிவிட்டுப் படுத்தாள். கதவு திறந்தே கிடந்தது. அவளுக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

அவர் காத்தான்குடி றவூப்புக்குப் போன் எடுத்தார். லெப்டொப்பைப் பாவித்த பெட்டியாக அவனுடைய கடையில்தான் வாங்கியிருந்தார்.

"றவூப், திரையில அடியில கோடு வருது."

"புது சிஸ்டம் ஏத்தக்குள்ளயா? அப்ப டிரைவர் பிழையில்ல அண்ணன். கேபிளாத்தான் இருக்கும். மூடியப் பிடிச்சி மெல்ல ஆட்டிப் பாருங்க. கூடிக் குறைஞ்சா கேபிள்."

மூடியை முன்னும் பின்னும் ஆட்டினார். கோடு கூடவுமில்லை, குறையவுமில்லை.

"ஒரு மாற்றமும் இல்ல."

"அப்ப உங்கட பழைய மொனிட்டரக் கொழுவுங்க. அதில நல்லா வந்தா லெப்டொப்பிட திரை போயிற்று. அதிலயும் கோடு வந்தா உள்ளுக்க சிப்தான். சிப்பெண்டா நான் துஆ மட்டுந்தான் கேக்கலாம்."

"விக்கக்குள்ள துஆவையும் சேத்துத் தந்திருக்கலாமே."

"அது வேற கடை அண்ணன்."

மொனிட்டர் கந்தோரில் கழித்துவிட்ட பாரமான பழைய பெட்டி. மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே கிடந்தது. வயர் மேசையிலிருந்து தரைவரைக்கும் சரியாக எட்டியது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனைச் சத்தமாகப் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, முழங்காலில் நின்று திருகாணியை முறுக்கினார். றவூப்பின் குரல் மாறியது. சொற்கள் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, அடியிலிருந்து எழும்பி வந்து உடைந்தன. போனை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று காதில் வைத்தார்.

"கேக்குதா? அண்ணன்? என்ன, குளத்துக்க மூழ்கிக் கிடந்தா கதைக்கிறீங்க? புளுக்குப் புளுக்கெண்டு கேக்குது."

அவர் காதிலிருந்து போனை எடுத்து, கையை மெல்லக் கீழே இறக்கினார். நெஞ்சளவில் றவூப் தெளிவாகத்தான் கூப்பிட்டான். இடுப்பளவில் தெளிவு. மேசையளவுக்குக் கீழே வந்ததும் அந்தக் குரல் அமிழ்ந்தது.

மொனிட்டரைப் போட்டார்.

எழுத்து இல்லை. நீலம் இல்லை. திரை முழுக்கச் சாம்பல் பச்சை. பழுதான திரை துடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். இது துடிக்கவில்லை. இது நகர்ந்தது. கறுப்பாக நீளமாக ஏதோ ஒன்று, ஓலைத்துண்டோ கயிறோ, இடமிருந்து வலமாக மெல்ல மிதந்து திரையின் ஓரத்தில் மறைந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மொனிட்டரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். தூக்கத் தூக்க, மேலேயிருந்து நீலம் இறங்கியது. மேசையில் லெப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது இரண்டு திரையிலும் கோடு ஒரே உயரத்தில் நின்றது. கொத்தனார் பிடித்த நூல்போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராகப் போனது. இப்போது இரண்டு விரல் இல்லை. நாலு விரல்.

"றவூப். மேல தூக்கினா குறையிது."

"அண்ணன்," என்றான் றவூப், பகிடி இல்லாத குரலில். "மேல தூக்கினா குறையிற பிழையெண்டு ஒண்டு இல்ல."

டவுனில் ஒரு சரம் வெடித்தது. அது ஓய்ந்தபோது போனில் சிக்னல் இல்லை.

மேசைக்குப் பின்னாலிருந்த சுவரை அவர் பார்க்க விரும்பவில்லை. பார்த்தார். அவருடைய நெஞ்சு உயரத்தில் மஞ்சளாக ஒரு கறை, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. நாலரை வருடத்துக்கு முந்தைய மார்கழிக் காலையில் கடல் விட்டுப்போன அடையாளம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார். மாரி வந்தால் அது திரும்பத் தெரியும்.

அன்று தண்ணீர் ஏறியபோது அவர்கள் நாலு பேரும் வீட்டுக்குள்ளேதான் இருந்தார்கள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பேருமே உயிரோடு இருந்தார்கள். ஏறின தண்ணீர் கொண்டுபோகவில்லை. வடிந்த தண்ணீர்தான். வந்ததைவிட வேகமாக, அடியால், வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனது. மனைவி இராசாத்தி போனாள். அவள் இடுப்பிலிருந்த சின்ன மகன் டிலக்சன் போனான். வாசலைத் தாண்டும்போது அவள் கூப்பிடக்கூட இல்லை. வாய்க்குள் தண்ணீர் இருந்தது. அவருடைய ஒரு கை கம்பியில். மற்றக் கைக்கு ஒரு பின்னல் அகப்பட்டது. மகளுடைய பின்னல். அதை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் முழுக்க வடிந்து முடியும்வரை விடவில்லை.

அந்தத் தலைமயிரால்தான் அவள் இருக்கிறாள்.

திரையில் ஆறு விரல்.

கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. அவை ஏற ஏறத்தான் கோடும் ஏறுகிறதென்று பட்டது. நிறுத்தினால் நிற்கும். பொத்தானை அமத்திப் பிடித்தார். சீடி சுற்றுவது ஓய்ந்தது. இரண்டு திரையும் இருண்டன.

வீடு அமைதியானது.

உடனே தெரிந்தது, இது அதைவிட மோசம் என்று. திரை இல்லையென்றால் கோடு தெரியாது, அவ்வளவுதான். கோடு இல்லையென்று ஆகிவிடாது. இப்போது எதுவரை வந்திருக்கிறது? கதிரைக் காலில் எதுவரை? அவர் குனிந்து பார்த்தார். காய்ந்த சீமெந்துத் தரை. ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. கால்கள் இரண்டையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார். பொத்தானை மறுபடி அமத்தினார்.

சீடி சுற்றியது. நீலம் வந்தது. முதலாவது கோப்பிலிருந்து எல்லாம் ஆரம்பித்தது.

கோடு ஆரம்பிக்கவில்லை. அது பாதித் திரையைத் தாண்டி நின்றது.

அறைக்குள் தக்ஷாயினி இருமினாள்.

சின்ன இருமல். நித்திரையில் எச்சில் புரைக்கேறினால் வருகிற இருமல். பிறகு தொண்டைக்குள் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மேசையில் இரண்டு விரல் இருந்தபோதே. றவூப்போடு பகிடி கதைத்துக்கொண்டிருந்தபோதே. அதற்கும் முதலே.

அவள் தரையில், கோட்டுக்குக் கீழே படுத்திருக்கிறாள்.

"தக்ஷா."

சத்தம் வாயை விட்டுத் தூரம் போகவில்லை.

"மனே, எழும்பு!"

கரண்ட் போனது.

மின்குமிழ் அணைந்தது. மொனிட்டர் அணைந்தது. அறைக்குள் மின்விசிறி கடகடத்து, தளர்ந்து, நின்றது. லெப்டொப் மட்டும் பற்றரியில் எரிந்தது. வயரைப் பிடுங்கிவிட்டு அதைத் தூக்கினார். விளக்கு அதுதான். அளவுகோலும் அதுதான்.

நடந்தார். கால் வரவில்லை. ஒவ்வொரு அடியையும் எதையோ தள்ளிக்கொண்டு வைக்கவேண்டியிருந்தது. தரை காய்ந்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் காய்ந்திருந்தது. ஆனாலும் தள்ளவேண்டியிருந்தது.

இடுப்பளவில் பிடித்தார். முழுக்கக் கலங்கல்.

வயிற்றளவில். கலங்கல்.

நெஞ்சளவில். கோடு.

சுவரில் கறை எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில். அது இனி ஏறவில்லை. நின்றது. அன்றும் இப்படித்தான் ஒரு கணம் நின்றது.

அறை வாசல். பலகைக் கதவு. அவள் கால்கள். கொலுசு. அசையவில்லை.

லெப்டொப்பைக் கீழே இறக்கினார். இறக்க இறக்கத் திரை சாம்பல் பச்சையிலிருந்து மண்ணிறமாகி, மண்ணிறத்திலிருந்து கறுப்புக்குப் போனது. அந்தக் காலையின் கறுப்பு. அதிலிருந்து வந்த வெளிச்சம் போதாது. ஆனாலும் பாயில் விழுந்தது. தலையணையில் விழுந்தது.

தலையணையில் தலைமயிர் இல்லை.

அது மேலே எழுந்து நின்றது. அவளுடைய நீளத் தலைமயிர் முழுக்க, ஒவ்வொரு இழையும் பிரிந்து, முகத்துக்கு மேலே நிமிர்ந்து நின்றது. காற்று இல்லை. மின்விசிறி நின்றுவிட்டது. தலைமயிர் எல்லாம் சேர்ந்து மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. மெதுவாக மறுபக்கம் சாய்ந்தது. அதற்குக் கீழே அவளுடைய முகம் அமைதியாக இருந்தது. கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

கையை நீட்டினார். அதே கை. இன்று பின்னல் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. குளிர்ந்த இழைகள் விரல்களுக்குள் வந்தன. போயின. திரும்ப வந்தன. போயின.

கத்த வாயைத் திறந்தார். உப்பு.

தூரத்தில், பாலத்துக்கு அப்பால், யாரோ கடைசிச் சரத்தையும் கொளுத்தினார்கள்.

ஆடிக்கொண்டிருந்த தலைமயிர் நடுவில் நின்றது. பிறகு அத்தனை இழையும் ஒரே நேரத்தில், யாரோ பிடித்து இழுத்ததுபோல, வாசல் பக்கமாக நீண்டது.

பாய் நகர்ந்தது.