திரும்பி வந்த யானைப்பல்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செயற்கைப் பல் செய்யும் அந்தக் கூடத்தில் ஒரு மேல்வரிசை காணாமல் போயிருந்தது.

பதினான்கு பற்கள். ஆனால் அவை கையால் தொடக்கூடிய பற்கள் அல்ல. திரையில் செதுக்கி முடித்த வடிவம் மட்டும்தான். கடைந்தெடுக்கும் எந்திரத்துக்கு அனுப்பினால் பல்லாகிவிடும். விபத்தில் மேல்வரிசையை இழந்த ஒரு பள்ளி ஆசிரியைக்குத் திங்கட்கிழமை அதைப் பொருத்த வேண்டும். அதுவரை வகுப்புக்குப் போவதில்லை என்று அவர் வீட்டிலேயே இருந்தார்.

வடிவம் செய்தவரைக் கூடத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடப் பிறவியிலேயே உரிமை பெற்றவன் ஒருவன்தான்: பின்னறையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தம்பி. அக்கா போன வாரம்தான் ராஜினாமா கொடுத்திருந்தார். வேறொரு கூடத்தில் வேலை கிடைத்திருந்தது.

முதலாளி அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "போறவங்க சும்மா போக வேண்டியதுதானே? பல்லையும் பிடுங்கிட்டுத்தான் போகணுமா?"

முதலாளி அக்காவின் கணினியை அணைத்து, இனி யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் புகார் கொடுக்கப் போனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எதையும் வரிசையாகக் கேட்டால்தான் அந்தப் பெண்மணிக்கு மனம் ஓடும்.

"கடைசியா அதை எப்போ பார்த்தீங்க?"

"வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு," என்றார் முதலாளி. "நானே அவங்க பின்னாடி நின்னு பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகா இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் கிளம்பிட்டோம். கடைசியா கணினியை அணைச்சுட்டுப் பூட்டினது அவங்க."

"வெளியாள் யாராவது?"

"வாசல் கேமராவுல ஒருத்தரும் இல்ல. இன்னொண்ணு மேடம். ராத்திரி எல்லாத்துக்கும் தானா ஒரு நகல் எடுக்கிற ஏற்பாடு இருக்கு. அந்த நகல்லயும் மேல்வரிசை இல்ல. அப்ப, ராத்திரிக்கு முன்னாடியே அழிச்சாச்சு. அந்த நேரத்துல இங்க இருந்தது யாரு?"

கணக்கு சரியாகத்தான் வந்தது. இவ்வளவு சரியாக வருவதுதான் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை.

"வேற என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல." முதலாளி அக்காவின் கணினியைப் போட்டுக் காட்டினார். "ஆசிரியையோட தாடையை வியாழக்கிழமை காலையில ஸ்கேன் பண்ணினது, அது இருக்கு. வேண்டாத குப்பைகூடப் பத்திரமா இருக்கு. இந்த யானைப்பல்லைப் பாருங்க."

அளவைத் தப்பாகத் தட்டியதில் வீங்கிப்போன ஒரு கடைவாய்ப்பல் அது. கூடமே ஒரு வாரம் சிரித்த பல்.

அக்கா, பல் அச்சுக்கு மாவு கலக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து மற்றவர்கள் தங்கள் இழுப்பறைகளைப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். சாவி திரும்பும் சத்தம் அந்த அறை வரைக்கும் கேட்டது.

"வியாழக்கிழமை என்ன செஞ்சீங்க? வரிசையா சொல்லுங்க."

"காலையில ஸ்கேன் மேடம். சாப்பாட்டு நேரத்துல கணினியை அணைச்சு வைக்கச் சொன்னான் தம்பி. சர்வர் மென்பொருளோட புதுப் பதிப்பைப் போட்டான். திரும்ப வந்ததும் முதல் வேலையா பழைய குப்பை, யானைப்பல் எல்லாத்தையும் நீக்கினேன். வேலையை விட்டுப் போற இடத்தைச் சுத்தமா விட்டுட்டுப் போகணும் இல்லையா. அப்புறம்தான் மேல்வரிசையை ஆரம்பிச்சு, முடிச்சு, சேமிச்சேன்."

"சேமிச்சது நிச்சயமா?"

அக்கா தன் கைகளைப் பார்த்தார். "நிச்சயம்னுதான் நினைச்சேன். இப்ப தெரியல. குப்பையை நீக்கும்போது கை தவறி அதையும் நீக்கியிருப்பேன். நான்தான் ஏதோ செஞ்சிருக்கேன். திரும்பச் செஞ்சு கொடுத்துடறேன் மேடம், இதோட விட்டுடுங்க."

"குப்பையை நீக்கினப்போ மேல்வரிசை பிறக்கவே இல்லையே?"

அந்த ஒப்புதலை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினால் வழக்கு சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும் என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக அவருக்கே கூச்சமாக இருந்தது.

பின்னறையில் மின்விசிறிகளின் இரைச்சல். தம்பி எழுந்து நின்றான்.

"உங்க சர்வர் என்ன பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"வெளியில இருக்கிற கணினி எதுக்கும் சொந்தமா வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், கிடையாது மேடம். எல்லா வட்டும் இந்த அறையிலதான் இருக்கு. காலையில கணினியைப் போட்டதும், அது தன்னோட வட்டைக் கம்பி வழியா இங்கிருந்து இரவல் வாங்கிக்கும். அதுக்கென்னவோ தன் வயித்துக்குள்ளயே இருக்கிற மாதிரி நினைப்பு."

"அணைச்சா?"

"தொடர்பு அறுந்துடும். வட்டு இங்கயே இருக்கும்."

"புதுப் பதிப்புல என்னவெல்லாம் மாறியிருக்கு?"

"வேகம் கூடியிருக்கு. அப்புறம், கொஞ்சம் பிழை திருத்தியிருக்காங்க."

"என்ன பிழை?"

"சின்னச் சின்னதுதான்." அவன் ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தான்.

பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் எல்லோரையும் அக்காவின் கணினி முன் நிற்க வைத்தார்.

"அக்கா, ஒரே ஒரு பல் செய்யுங்க. எப்படி வேணா இருக்கட்டும். சேமிங்க. யானைப்பல்லை நீக்குங்க. சார், ரெண்டையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றார் முதலாளி.

"இப்ப கணினியை அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

திரை விழித்தது. புதுப் பல் இல்லை. யானைப்பல் தன் பழைய இடத்தில் வீங்கியபடி உட்கார்ந்திருந்தது. யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"துப்பு கொடுத்ததே நீங்கதான் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "யானைப்பல் பத்திரமா இருக்குன்னு சொன்னீங்க. ஆனா அக்கா அதை வியாழக்கிழமை மதியமே நீக்கியாச்சு. திருடன் எடுத்துட்டுப் போவான். குப்பையில போட்டதைத் தேடி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து வைக்க மாட்டான். காலையில செஞ்ச ஸ்கேன் இருக்கு. மதியத்துக்கு அப்புறம் சேர்த்ததும் இல்ல, நீக்கினது நீங்கவும் இல்ல. வட்டு மதியம் இருந்த நிலைக்கே திரும்பிப் போயிருக்கு. அந்த மதியத்துல மாறினது ஒண்ணே ஒண்ணுதான்." அவர் திரும்பினார். "தம்பி, மிச்சத்தை நீங்க சொல்றீங்களா?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பயிற்சிக்கு வந்தவங்க இந்தக் கணினியிலதான் கத்துக்கிட்டாங்க. அவங்க கிறுக்கினது தங்கக் கூடாதுன்னு, இந்த வட்டுக்கு மட்டும் சர்வர்ல ஒரு கட்டளை வரி எழுதினேன். வட்டு மேல டிரேசிங் பேப்பர் விரிச்ச மாதிரி அது. எழுதறது, அழிக்கறது எல்லாம் தாள்லதான் நடக்கும். கணினியை அணைச்சதும் தாளைக் கிழிச்சுப் போட்டுடும். ஆனா பழைய பதிப்புல ஒரு பிழை. ஒரே ஒரு வட்டுக்குன்னு எழுதினா, அந்த வரியைக் கண்டுக்கவே கண்டுக்காது. சரி, வேலை செய்யலைன்னு விட்டுட்டேன். வரியை எடுக்கல."

"புதுப் பதிப்புல?"

"பிழையைத் திருத்திட்டாங்க. என்னென்ன மாத்தினாங்கன்னு முழுசாப் படிக்காமலே போட்டுட்டேன்."

"ராத்திரி எடுத்த நகல்?"

"நகல் வட்டுலேருந்துதான் எடுக்கும். தாள் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. மேல்வரிசையைத் திரும்ப எடுக்க முடியாது."

முதலாளி தொண்டையைச் செருமினார். "அப்ப திருட்டே இல்ல. நல்லதாப் போச்சு. சரி, எல்லாரும் வேலையைப் பாருங்க."

"புகாரை வாபஸ் வாங்கிக்கணும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "வெள்ளிக்கிழமை யார் யார் முன்னாடி பேசினீங்களோ, அவங்க முன்னாடி."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். "தப்பா சொல்லிட்டேன்மா," என்றார், அக்காவின் நாற்காலியைப் பார்த்து. அக்கா தலையை மட்டும் அசைத்தார். அவர் பார்வை தம்பியிடம் இருந்தது.

"உனக்கு எப்படா தெரியும்?"

"இப்ப, மேடம் சொன்னப்போ..." அவன் நிறுத்தினான். "நேத்துக் காலையிலேயே தோணுச்சு அக்கா. ஆனா உறுதியா தெரியல. போய்ப் பார்க்கவும் பயம்."

"நேத்து முதலாளி அப்படிக் கேட்டப்போ என் பக்கத்துலதானே நின்ன?"

"ம்."

"வீட்டுக்கும் என்கூடத்தான் வந்த. சாப்பிட்ட."

அவன் மேசை விளிம்பை விரலால் துடைத்தான்.

"தோணினதைச் சொல்றதுக்கு உனக்கு உறுதி வேணும். என்னைத் திருடின்னு நினைக்கறதுக்கு இங்க ஒருத்தருக்கும் அது வேண்டியிருக்கல. எனக்கே வேண்டியிருக்கல. என் கையையே நான் சந்தேகப்பட்டேன்."

மற்றவர்கள் தங்கள் மேசைகளுக்குப் போனார்கள். இழுப்பறைகளை இப்போது திறந்து வைப்பதா, வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவருக்கு இனி அங்கே வேலை இல்லை.

"அந்த வரியை எடு," என்றார் அக்கா. "திங்கட்கிழமை அந்த டீச்சருக்குப் பல் வேணும்."

தம்பி பின்னறைக்கு ஓடினான். திரும்பி வந்து, "எடுத்துட்டேன் அக்கா. அணைச்சுப் போட்டுப் பார்த்துக்கலாம்," என்றான். பார்த்தார்கள். இந்த முறை சேமித்தது நின்றது.

அக்கா ஸ்கேனைத் திறந்து முன்பல்லிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பதினான்காவது பல் முடியும்வரை தம்பி அவர் பின்னால் நின்றுகொண்டே இருந்தான்.